ஃபெரிதுன் எதிர்பார்த்த அலை

செயற்கைக்கோள் அனுப்பிய எக்ஸ் கதிர்த் தரவுகளை, விண்மீனின் சுற்றுக்கு ஏற்ப ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள் நில்குன். கோடு தட்டையாக இருந்தது.

ஒரு நாள் முடியுமுன் தன்னைத்தானே சுற்றிவிடும் விண்மீன் அது. அதன் காந்தப்புலம் இரு பக்கத்து வாயுவையும் நடுவே இழுத்து மோதவிடும், மோதுமிடம் எக்ஸ் கதிரில் ஒளிரும், விண்மீன் சுழலச் சுழல அந்த ஒளி கூடிக் குறையும் என்று அவள் கணவன் ஃபெரிதுன் சொல்லிவந்தான். துறையில் யாரும் நம்பவில்லை. இப்போது அவன் அங்காராவில் புற்றுநோய்ப் பிரிவில் கிடந்தான். வீடு திரும்பும் பேச்சை மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

வந்திருந்த ஒளித்துகள்கள் மிகக் குறைவு. நில்குன் அவற்றைப் பெரிய கட்டங்களாகப் பிரித்தாள். கட்டம் தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம். ஓரிடத்தில் அலை எழுந்தது. அதைத் தாண்டி நகர்த்தியதும் கரைந்தது. அது உண்மையான அலை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் ஃபெரிதுனுக்குப் பக்கத்துக் கட்டிலில், சோரும் என்ற ஊரைச் சேர்ந்த பேருந்து ஓட்டுநர் சத்தில்மிஷ் இருந்தார்.

"வா தங்கச்சி! உன் வீட்டுக்காரர் விடிஞ்சதுலேர்ந்து கதவையே முறைச்சுக்கிட்டு இருக்கார்" என்று இரு கைகளையும் நீட்டினார். அவள் வழக்கம்போல் அவர் உள்ளங்கைகளில் வாசனைக்கு ஓடிகோலன் ஊற்றினாள்.

"அலை வந்துச்சா?" என்றான் ஃபெரிதுன்.

"வந்துச்சு."

அவன் கண்ணாடியை மாட்டித் தாளை வாங்கினான். சத்தில்மிஷ் எட்டிப் பார்த்தார்.

"இதென்ன வாத்தியாரே, உங்க இதயமா? நல்லாத்தானே துடிக்குது! அப்புறம் எதுக்கு இங்க படுத்துக்கிட்டு எங்க சூப்பைக் குடிக்கிறீங்க?"

ஃபெரிதுனின் சிரிப்பு இருமலாக மாறியது. "இது நட்சத்திரம்ண்ணே. என்னோடது."

அவன் விரல் அலைமேல் ஏறி இறங்கி, கட்டம் தொடங்கும் இடத்தைக் குறித்திருந்த அடிவரியில் நின்றது. இப்படி நகர்த்திப் பிடித்த அலையோடு மாணவர்கள் வந்தால் தாளை முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுப்பவன் அவன். நில்குன் அதற்காகக் காத்திருந்தாள். திட்டினால் போதும் என்றிருந்தது.

விரல் நகர்ந்தது. "அழகா இருக்கு."

"ஃபெரிதுன், நான்..."

"தட்டையா?" பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

அவள் தலையசைத்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றிப் போர்வைமேல் வைத்தான்.

"நானும் பார்க்கிறேனே" என்று சத்தில்மிஷ் கை நீட்டினார். ஃபெரிதுன் கொடுத்தான். அவர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "அடேயப்பா! என்ன ஒழுங்கா ஏறி இறங்குது!"

நில்குன் பிடுங்கப் போனாள். ஃபெரிதுன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் பிடியில் பலமே இல்லை.

"விடு" என்றான். "அவராவது பார்க்கட்டும்."