ஒற்றைக்கால் கொய்யா

கரண்டியைச் சாய்த்ததும் தண்ணீர் உள்ளே இறங்காமல் சித்தியின் கன்னத்தில் வழிந்தது. அவள் துண்டால் ஒற்றிவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று நாளாகிவிட்டது. இந்த மூன்று நாளில் முப்பது தடவையாவது அந்தப் பேச்சை எடுக்கப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து தொலைத்தார்கள். வராத நேரத்தில் வாய் வரவில்லை.

இப்போது அறையில் வேறு யாரும் இல்லை. சன்னலுக்கு வெளியே கொய்யா மரம் தெரிந்தது. அதை ஒரு மரம் என்பதா இரண்டு என்பதா என்று வந்தவர்கள் எல்லாம் கேட்பார்கள். தரையிலிருந்து இரண்டு தண்டுகள் கிளம்பி, இடுப்பு உயரத்தில் ஒட்டி, பெரிய முடிச்சாகப் புடைத்து, மேலே மறுபடி இரண்டாகப் பிரிந்திருந்தன. இடப்பக்கம் சிவப்புக் கொய்யா, வலப்பக்கம் வெள்ளை. வெள்ளை அம்மா நட்டது. சிவப்பு, அம்மா செத்த இரண்டாம் வருஷம் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த சித்தி நட்டது. நெருங்கி நின்றால் காற்றில் உரசி உரசித் தோல் பெயர்ந்துவிடும், பச்சைக் காயமும் பச்சைக் காயமும் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அப்பாவின் தம்பி, தச்சு வேலை பார்க்கும் சித்தப்பா சொல்வார்.

இடப்பக்கத் தண்டுக்குக் கால் கிடையாது. தரையில் ஒரு கட்டை, அதற்கு மேல் ஒரு சாண் வெறும் காற்று, அப்புறம்தான் தண்டு. முடிச்சுக்கு அடியில் ஒரு கவட்டைக் கம்பு முட்டுக் கொடுத்திருக்கும்.

அறுத்தது அவள்தான், பதின்மூன்று வயதில். அம்மா செத்ததும் மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். பதினொரு வயதில் திரும்பி வந்தபோது மரங்கள் ஒட்டியிருந்தன, வீட்டில் சித்தி இருந்தாள். அம்மா ஆசையாக வளர்த்துவிட்ட முடியை, பேன் தாங்கவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி கழுத்தோடு வெட்டிவிட்டாள். வெட்டுக்கு வெட்டு என்று அவளும் சித்தப்பாவின் ரம்பத்தை எடுத்தாள். சிவப்புப் பழம் எந்தப் பக்கம் என்று அண்ணாந்து பார்த்து, அதற்கு நேர் கீழே இருந்த தண்டை அறுத்தாள். திரும்ப ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு சாண் துண்டை எடுத்துச் சாக்கடையில் போட்டாள். சிவப்புப் பக்கம் காயும் காயும் என்று காத்திருந்தாள். ஓர் இலைகூட வாடவில்லை. சித்தி அறுத்த வாயில் தார் பூசி, கம்பு நட்டு, அப்பாவிடம் கரையான் என்று சொன்னாள். ஒரு சாண் அளந்து அறுக்கும் கரையானை அப்பாவும் நம்பினார், பாவம்.

"சித்தி."

கண் திறந்தது.

"அந்த மரம்... கரையான் இல்ல சித்தி. நான்தான் அறுத்தேன். உங்க மரத்த."

சித்தி அவளையே பார்த்தாள். உதட்டோரம் லேசாக அசைந்தது.

"கரையான் பாவாட கட்டிக்கிட்டு ஓடுனத... அன்னிக்கே பாத்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்புறம் ஏன் ஒரு வார்த்தகூடத் திட்டல?"

"என் மரந்தானே." மூச்சு வாங்கியது. "போகட்டும் விடு, மகாராணி."

கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் சித்திக்கு அவள் மகாராணிதான். முப்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போல இருந்தது. சித்தி மறுபடி வாயசைத்தாள். காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"கம்பு நிக்குதா பாரு."

"நிக்குது சித்தி." பார்க்காமலே சொன்னாள்.

பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்தது. கரண்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. சட்டைக் கம்பெனியில் சித்தியோடு காலர் தைத்த பெண்கள் ஐந்து பேர் வந்து, தலைமாட்டில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் தார்ப்பாய் கட்டினார். நாலு மணிக்கு வண்டி வரும் என்றார்கள். அவள் அழவில்லை. மன்னிப்பு கிடைத்துவிட்டது என்ற நினைப்பிலேயே வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போனபோது சித்தப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை கட்டையின்மேல் இருந்தது.

"உன் வீட்டு மரம் நல்லா இருக்கா?"

"இருக்கு சித்தப்பா. இந்த வருஷம் நல்ல காய்ப்பு." கல்யாணத்தன்று சித்தி பெயிண்ட் டப்பாவில் வைத்துக் கொடுத்தனுப்பிய செடி அது. உங்க அம்மா மரம், பத்திரம் என்று சொல்லித் தந்தாள்.

"வெள்ளைதானே?"

"வெள்ளைதான். மேல் கெளையில பதியம் போட்டிருப்பாங்க."

"பதியமா? இந்தக் கட்டையில துளுத்தது அது. வேரோட பேத்து நாந்தான் டப்பாவுல வெச்சுக் குடுத்தேன்."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "இந்தக் கட்டையிலயா? இது சித்தி மரம்."

"யாரு சொன்னா? இந்தப் பக்கம், தொட்டி ஓரமா உங்கம்மா நட்டா. குழி தோண்டுனதே நானு. அண்ணி, உன் சித்தி, நட்டது அந்தப் பக்கம். ரெண்டும் குறுக்க போய்தான் ஒட்டிக்கிச்சு. இங்கருந்து போனது அங்க காய்க்குது, அங்கருந்து வந்தது இங்க காய்க்குது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கரையான் அரிச்சப்ப அண்ணி வாயப் பொத்தச் சொல்லிட்டாங்க. அம்மா மரம் போச்சுன்னு தெரிஞ்சா புள்ள தாங்காதுன்னு. எங்க போச்சு? அண்ணி வேருலதான் இத்தன வருஷமா நிக்குது."

அவள் கட்டையிலிருந்து விரலை மேலே கொண்டுபோனாள். வெறும் காற்று. அப்புறம் தண்டு. முடிச்சில் விரல் தானாக வலப்பக்கம் திரும்பியது. மேலே வெள்ளைக் கொய்யாக்கள் தொங்கின. சித்திமேல் கோபம் கோபமாக வந்தது. காலையில்கூடச் சொல்லவில்லை. என் மரந்தானே என்று கடைசி மூச்சிலும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இனி யாரிடம் போய் என்ன கேட்பது?

அப்போதுதான் முடிச்சுக்கு அடியில் பார்த்தாள். கம்பு இல்லை.

வாசலுக்கு ஓடினாள். தார்ப்பாயின் நடுவில் அது நின்றது. மரத்தை உறுத்தாமல் இருக்கச் சித்தி கவட்டையில் காலர் துணி சுற்றியிருந்தாள். வெள்ளை வெளேரென்ற புதுத் துணி, படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம் கட்டியது. அவள் கம்பைப் பிடுங்கினாள். பாய் தொய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் இறங்கியது.

"ஏம்மா, என்னம்மா பண்ற?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வேற ஏதாவது வெச்சுக்குங்க. இது மரத்துக்கு."

பின்பக்கம் வந்து தோளைக் கொடுத்து முடிச்சைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கம்பைப் பழைய குழியில் ஊன்றிக் குதிகாலால் மண்ணை மிதித்தாள். கவட்டை உட்கார்ந்து உட்கார்ந்து பட்டையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. காலர் துணி அதில் சரியாகப் போய்ப் பொருந்தியது.

"வண்டி வந்துருச்சு," என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"வரேன்."

ஒரு கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மரம் அசையவில்லை. மற்ற கையையும் எடுத்தாள்.