ஏழாம் மேசை கேட்டுவிட்டு வேண்டாமென்ற சூப்

அந்த உணவகத்தில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. முதலாளியின் கூடப் பிறந்த அக்கா. பதினெட்டு வருடமாக அடுப்படி அவள் கையில்தான். தம்பி மேசைக்கு ஒரு தொடுதிரை வைத்தபோது அவள் தடுக்கவில்லை. ஒவ்வொரு பதார்த்தத்திலும் உள்ள உப்பு, கொழுப்பு, சர்க்கரையை ஒரு மானியால் அளந்து ஏற்றினால், அளவு மீறியதற்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையுமாக அது ஒரு வண்ணப் புள்ளி வைக்கும். அவளுடைய கோழி சூப்புக்குச் சிவப்பு விழுந்த அன்றுதான் சுருக்கென்றது.

"என் கைப்பக்குவத்துக்கு ஒரு பெட்டி மார்க் போடுதா?"

"உப்பைத்தான் சொல்லுது அக்கா, உன்னை இல்ல," என்றான் தம்பி.

இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுப்படிச் சுவரிலும் ஒரு திரை இருந்தது. எந்த மேசையில் எதைக் கேட்கிறார்கள், எதை மாற்றுகிறார்கள் என்று அதில் தெரியும். வேண்டாவெறுப்பாகப் பார்த்தவள் கண்ணில் ஒன்று பட்டது. மதியம் ஒன்றரைக்கு ஏழாம் மேசையில் சூப் சேரும். அரை நிமிடத்தில் நீங்கும். அதற்குப் பதில் வேகவைத்த காய்கறி வரும். மூன்று நாளாக இதே கதை.

நாலாம் நாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். பஸ் டிரைவர் ஒருவர் சீருடையில் உட்கார்ந்திருந்தார். முன்பு நாள் தவறாமல் சூப் குடித்தவர்தான். இப்போது பாதி ஆளாகியிருந்தார்.

"சூப்பைக் கேட்டுட்டு ஏன் வேண்டாம்னு விட்டுடுறீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். "ஆசைக்குத் திரையில ஒரு தட்டு தட்டுவேன்மா. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் டாக்டர் மூஞ்சி ஞாபகம் வந்துடும். பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில கிடந்தேன். வெளிய சாப்பிடவே பயம். இங்கதான் எதைச் சாப்பிடலாம்னு தெரியுது."

"முன்னாடி நீங்க உப்பு எவ்வளவுன்னு கேட்டதே இல்லையே."

"நீங்களும் சொன்னதில்லையே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குத் தைத்தது.

மதியக் கூட்டம் அடங்கியதும் தம்பியைக் கூப்பிட்டாள். அவள் உப்பைக் குறைத்துக் குறைத்துக் காய்ச்ச, அவன் ஒவ்வொரு தடவையும் மானியால் அளந்து திரையில் ஏற்றினான். உப்பைப் பாதியாக்கியும் சிவப்பு போகவில்லை.

"வேற எதாவது போடுறியா அக்கா?"

அவள் அடுப்பைத் தணித்தாள். பிறகு மேல் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். கடையில் வாங்கிய சூப் தூள். கூட்டம் பெருகிய காலத்தில் அவசரத்துக்குச் சேர்க்க ஆரம்பித்து அப்படியே நிலைத்துவிட்டது. உப்பு முக்கால்வாசி அதில்தான் இருந்தது.

தம்பி கிண்டல் செய்யவில்லை. "எலும்பை எவ்வளவு நேரம் வேகவைக்கணும்?" என்று மட்டும் கேட்டான்.

தூளை நிறுத்தினாள். எலும்பை மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு, பூண்டைச் சுட்டுப் போட்டு, எலுமிச்சை பிழிந்தாள். இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு புள்ளி பச்சையானது.

கிண்ணத்தை அவளே கொண்டுபோய் ஏழாம் மேசையில் வைத்தாள். டிரைவர் இரண்டு கரண்டி குடித்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமா? பழைய ருசி இல்ல."

"தெரியும்," என்றாள்.

அவர் குனிந்து குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தின் அடியை ரொட்டியால் வழித்த பிறகுதான் நிமிர்ந்தார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரேன்மா. அவளுக்கும் பிரஷர்தான்."