பெட்ரோலில் இரண்டு துண்டுகள்

எங்கள் ரப்பர் பட்டறையில் எனக்கு மின்னல் என்று பேர். அச்சில் கலவையை வைத்துச் சூட்டில் அழுத்தி எடுப்பது என் வேலை. அடுத்தவன் பத்துச் சக்கரம் எடுப்பதற்குள் நான் பதினாறு எடுத்துவிடுவேன். கலவை போடுவது என் தங்கை. கந்தகம் ஒரு சிட்டிகை கூடினாலும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள்.

ஒருநாள் நாங்கள் அனுப்பிய தள்ளுவண்டிச் சக்கரங்கள் மூட்டையாகத் திரும்பி வந்தன. வெயிலில் பிசுபிசுத்து, பாரம் ஏற்றியதும் சப்பையாகிவிட்டனவாம். முதலாளி நேரே தங்கையிடம் போனார்.

"கந்தகத்தைக் கம்மியா போட்டிருக்கே. நாளையிலேருந்து வர வேணாம்மா."

பதினைந்து நிமிடம் மூடியிருக்க வேண்டிய அச்சை ஒன்பதிலேயே திறந்தவன் நான். அடுத்த அச்சைத் துடைப்பவன் போலக் குனிந்துகொண்டேன்.

அவள் அழவில்லை.

"கலவை சரிதான் முதலாளி. ரப்பருக்குள்ள நீள நீளமா சங்கிலி இருக்கு. சும்மா விட்டா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். கந்தகம்தான் நடுவுல புகுந்து அதுகளைப் பிணைக்குது. அதுக்குச் சூடும் வேணும், நேரமும் வேணும். ஒரே ஒரு நாள் குடுங்க, காட்டுறேன்."

மிச்சமிருந்த அதே கலவையில் ஒரு சக்கரத்தைத் தானே அச்சில் வைத்தாள். பதினைந்து நிமிடமும் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் ஒரு துண்டு, திரும்பி வந்ததில் ஒரு துண்டு அறுத்து, தனித்தனி பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிப் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை பட்டறையே கூடி நின்றது. திரும்பி வந்த துண்டு கூழாகிக் கிடந்தது. அவளுடைய துண்டு ஊதியிருந்தது, அவ்வளவுதான். வெட்டிய முனைகள்கூட அப்படியே இருந்தன.

"ரெண்டும் ஒரே கலவை முதலாளி. பிணைப்பு விழுறதுக்குள்ள அச்சைத் திறந்திருக்காங்க."

யார் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படி ஒருத்தி கூடப் பிறந்திருக்கிறாளே என்று நெஞ்சும் நிமிர்ந்தது.

"திறந்தது நான்தான். ஒன்பதாவது நிமிஷம்," என்றேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"இனிமே நீ சொன்னாதான் இவன் அச்சைத் திறக்கணும்மா."

இப்போது சக்கரம் எதுவும் திரும்பி வருவதில்லை. மின்னல் என்ற பேரும் போயிற்று. 'கலவைக்காரியோட அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். யாராவது மெதுவாகக் கூப்பிட்டால் காது கேட்காதவன் போல இருந்துவிடுவேன். இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லட்டுமே.