தோள்பட்டைத் தழும்பு

கனத்த தோடு போட்டுப் போட்டு அம்மாவின் இடது காது மடல் கிழிந்துவிட்டது. சித்தி மகள் கல்யாணத்துக்குள் தைத்துவிடலாம் என்று கோயமுத்தூரில் டாக்டர் வரதராஜுலுவிடம் கூட்டிப் போனவள் நான். ஆறே மாதத்தில் தைத்த இடத்தில் சுண்டைக்காய் அளவு கட்டி. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. படித்த புள்ளை கூட்டிப்போய் அம்மா காதையே கெடுத்துவிட்டாள் என்று உடுமலையில் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்த டாக்டரைச் சும்மா விடுவதாக இல்லை. நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். அவர் செய்தது தப்பு என்று இன்னொரு டாக்டர் எழுதித் தந்தால் வழக்குப் போட்டுவிடலாம். அதற்காகத் தோல் டாக்டர் ஆஃப்ரினிடம் வந்தோம்.

அவர் அம்மாவின் காதை விளக்கில் பார்த்தார். தையலில் குறையில்லை, சீழும் இல்லை, சிலருக்குத் தழும்பு இப்படித் தானாகத் தடித்து வளரும் என்றார். கட்டி வந்தபிறகு பழைய டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். காட்டவில்லை. எனக்கு அவ்வளவு கோபம்.

நாங்கள் கொண்டுவந்த பழைய ஃபைலைப் புரட்டினார்.

“கேக்காம வெட்டியிருந்தா, நீங்க போயி நின்னும் கண்டுக்காம விட்டிருந்தா, கேஸ் போடுங்கன்னு நானே சொல்லுவேன். ஆனா அவர் கேட்டிருக்காரே. குடும்பத்துல யாருக்காவது தழும்பு தடிக்குமான்னு. இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

எழுதியவள் நான்தான். அந்தக் கேள்வி வந்தபோது அம்மா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். என் தோளில், சின்ன வயதில் தடுப்பூசி போட்ட இடத்தில், புளியங்கொட்டை அளவுக்குத் தடித்த தழும்பு இருக்கிறது. சட்டைக்கு முழங்கை வரை கை வைத்துத் தைத்தே அதை மறைத்து வளர்த்தாள்.

“அங்கிருந்த நர்சம்மா எங்கூருப் பக்கமுங்க டாக்டரம்மா,” என்றாள் அம்மா. “பொண்ணு பாக்க வாரவிங்களுக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க.”

டாக்டர் என் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி, தழும்பை அழுத்திப் பார்த்தார். காதுக் கட்டியும் இதுவும் ஒன்றுதான். மாதம் ஓர் ஊசி, நாலைந்து ஊசியில் அம்மாவின் கட்டி அமுங்கும், வரதராஜுலுவே போடுவார் என்றார்.

“அப்ப என்ற புள்ள என்னையத் தப்பான எடத்துக்குக் கூட்டிட்டுப் போகலீங்க,” என்றாள் அம்மா.

நான்கு பக்கப் புகாரை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அன்று மாலையே வரதராஜுலுவிடம் போனோம். புதுப் படிவம். அதே கேள்வி. அம்மாவின் கை என் தொடைக்கு வருவதற்குள் நான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டேன்.

“எனக்கு இருக்குதுங்க டாக்டர்.”

நர்சம்மா எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.