ஒருவர் துணியில் இரண்டு ஆகாது

கதம்பம் என்று தெருவே கூப்பிட்ட பெண், முன்பு ஒரே ஆளிடம் இருந்த பழைய துணியில் இரண்டைச் சேர்த்துப் போட்டுக்கொண்டதால், ஒரு புதன்கிழமை பிற்பகல் நான்கு மணி நேரம் வேறொருவருக்கு மனைவியாக இருந்தாள். ஒரு சாம்பல் நிறக் கோட்டு, அதே குவியலில் கிடைத்த நீளப் பாவாடை. இரண்டும் கூட்டுச் சேர்ந்து அவளை இரண்டு பேருந்து மாற்றி, அதுவரை அவள் பார்த்திராத ஒரு வீட்டுக்கு நடத்திக்கொண்டு போயின. கதவைத் திறந்த கடிகாரம் பழுது பார்ப்பவர், "இன்னைக்கு லேட்டாயிடுச்சே" என்று மட்டும் சொன்னார். அவளும் மின்விசிறியில் தூசியைப் பார்த்து அவரைத் திட்டினாள், சாப்பாடு போட்டாள், பாத்திரம் கழுவினாள். அடுப்படிப் புழுக்கத்தில் கோட்டைக் கழற்றியபோதுதான் கையில் கரண்டியோடு தன் நினைவு வந்தது. மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று அவர் சொன்னார். கோட்டை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டாள். பாவாடை இடுப்புக்குக் கச்சிதமாக இருந்ததால் அதை மட்டும் கொடுக்கவில்லை.

பழைய துணியில் பழைய ஆள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருவது அந்த ஊரில் பெரிய செய்தி அல்ல. ஒரு துணி என்றால் தாங்கலாம். தச்சர் ஒருவரின் பெல்ட்டைக் கட்டினால் வாசற்படியைக் கண்ணால் அளக்கத் தோன்றும், இரவு நர்ஸின் ஸ்வெட்டரைப் போட்டால் பேசுகிறவர்களின் மணிக்கட்டைப் பிடிக்கக் கை போகும், அவ்வளவுதான். ஒரே ஆளின் துணி இரண்டு ஏறினால்தான் உடம்பு அவர்கள் வசம் போய்விடும். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவள் பொத்தான்களைப் பார்க்கத் தொடங்கினாள். அறுந்த பொத்தானை மறுபடி தைக்கும் விதம் கையெழுத்து மாதிரி, ஒருவர் குறுக்கே தைப்பார், ஒருவர் நெடுக்கே, ஒருவர் நூலைப் பல்லால் கடித்து வால் விட்டிருப்பார். ஒரே தையல் இரண்டில் இருந்தால் ஒன்றைத் திருப்பிப் போட்டுவிடுவாள். ஞாயிறுதோறும் கிலோக் கணக்கில் துணி விற்கும் சந்தைக் கொட்டகையில் அவள் இப்படிப் பொறுக்கிச் சேர்த்ததெல்லாம் உடம்பில் ஏறும்போது கூட்டணி ஆட்சி மாதிரி இருந்தது. யாருக்கும் பெரும்பான்மை கிடையாது, ஆகவே முடிவெடுப்பவள் அவள்தான். ஆண்களின் கோடுபோட்ட சட்டையை இரண்டு மடிப்பு மடித்து முழங்கைக்கு ஏற்றி, அதன்மேல் கடுகு நிற அரைக்கோட்டு, கீழே கடிகாரக்காரர் மனைவியின் பாவாடை, தச்சரின் பெல்ட். அவள் நடந்து போனால் புதுத்துணிக் கடைக்காரர்களே எட்டிப் பார்த்தார்கள். அதில் அவளுக்குக் கர்வம் இருந்தது, அதை அவள் மறைத்ததில்லை.

கூடவே இருந்த நாத்தனாருக்குத்தான் மானம் போனது. "அண்ணி, செத்தவங்க போட்டதா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"செத்தவங்க கட்டின வீட்லதானே குடியிருக்கோம். சட்டைன்னா மட்டும் கசக்குதா?"

நாத்தனார் அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நான்காம் வருஷத்திலிருந்து அண்ணியின் அலமாரியில் கைவைக்கவும் தொடங்கினாள்.

கதம்பம் வேலை பார்த்தது ஒரு பார்சல் அலுவலகத்தில். கவுண்ட்டரில் முகவரிச் சீட்டு ஒட்டுவது அவள் வேலை, பக்கத்தில் எடை போடும் தராசு அண்ணன், அவரோடு சேர்த்து இன்னும் ஒன்பது பேர். முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு இருமல் இருமி, ஓடுகிற மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போகிறவர். அவருக்கு அவள் உடுப்பு கண்ணில் விழுந்த தூசி. "கண்டவங்க துணியைப் போட்டுட்டு வந்து நிக்கிறதுக்கு இது என்ன சத்திரமா?" என்று கேட்டுப் பார்த்தார். பிறகு பத்துப் பேருக்கும் நீல நிறத்தில் சட்டையும் பேன்ட்டும் தைத்துவந்தார். காலையில் வந்து பின்னறையில் மாற்றிக்கொள்ள வேண்டும், மாலையில் கழற்றிப் பூட்ட வேண்டும். திங்கள் முதல் முழு செட்டு போடாதவர்களுக்கு வேலை இல்லை.

சனிக்கிழமை அளவு பார்க்கக் கொடுத்தபோது அவள் வழக்கப்படி முதலில் பொத்தானைப் பார்த்தாள், பிறகு காலரைப் புரட்டினாள். பத்துக் காலரிலும் கறுப்பு நூலில் தைத்திருந்தது: கம்பெனி சொத்து, வேலையை விட்டால் திருப்பித் தரவும்.

"அண்ணே, இது முழுக்க முதலாளி துணி. ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க."

"புதுத்துணிம்மா. மடிப்புகூடக் கலையல" என்று சிரித்தார் தராசு அண்ணன்.

திங்கள் காலை அவள் நீலச் சட்டையை மட்டும் போட்டு, கீழே பச்சைப் பாவாடை கட்டி, ஒரு பெரிய பையோடு கவுண்ட்டரில் உட்கார்ந்தாள். கணவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர், மாதத்தில் பாதி நாள் வேலை இராது. இந்த வேலை போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இன்னொருவர் தன் உடம்புக்குள் உட்கார்ந்து உத்தரவு போடுவதை அவள் ஒருமுறை அனுபவித்தவள். அன்றாவது அது ஒரு நல்ல மனுஷி.

பத்தரை மணிக்கு ஒன்பது பேரும் இரண்டு இருமல் இருமினார்கள். கைகள் பின்னால் போயின. மின்விசிறிகள் நின்றன. ஒன்பது பேரும் ஒருவரையொருவர் மேற்பார்வை செய்தார்கள், பார்சலைத் தொட ஆள் இல்லை. வாசல்வரை மூட்டை சேர்ந்தது. ஒவ்வொருவராகக் கவுண்ட்டருக்கு வந்து பேன்ட் எங்கே என்று கேட்டு அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். ஒரே காலையில் ஒன்பது தடவை வேலை போனது. ஒவ்வொரு தடவையும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை ஒட்டினாள்.

பன்னிரண்டு மணிக்கு நிஜ முதலாளி வந்தார். ஏன் தாமதம் என்று ஒன்பது பேர் கேட்டார்கள். சட்டைப்பையைக் காட்டச் சொன்னார்கள். "நான்தான்டா முதலாளி" என்று அவர் சொல்ல, "நான்தான்" என்று ஒன்பது பேரும் சொல்லி, அவர் பிடரியைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினார்கள். தன்னைத் தானே வெளியே தள்ளினால் எவ்வளவு வலிக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

கதம்பம் பையைத் திறந்தாள். ஒரே ஆளின் கூட்டுக்குள் வேறொருவர் துணி புகுந்தால் பிடி விட்டுப்போகும் என்பது அவள் கணக்கு. தராசு அண்ணன் கழுத்தில் ஒரு பாட்டுக்காரியின் கழுத்துத்துணியைச் சுற்றினாள். அவர் மூன்று சொடுக்குப் போட்டுத் தாளம் பிடித்து, பிறகு தன் பெயரைச் சொன்னார். ஒருத்திக்கு நர்ஸின் ஸ்வெட்டர், ஒருவருக்குத் தச்சரின் பெல்ட், தொப்பி, கைக்குட்டை, ஒற்றைக் காலுறை. கால்மணி நேரத்தில் ஒன்பது பேரும் அவரவராகி, வெட்கத்தோடு மின்விசிறியைப் போட்டார்கள்.

முதலாளி கசங்கிய காலரைச் சரிசெய்தபடி உள்ளே வந்தார். "பெரிய உதவிதான். இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கு நீயும் முழு செட்டு போட்டுத்தான் வரணும்."

"சார், சந்தையில வாங்கினது என்னோடது. இதுதான் அடுத்தவங்க துணி."

அவள் நீலச் சட்டையைக் கழற்றினாள். உள்ளே அவளுடைய கோடுபோட்ட சட்டை இருந்தது. நீலத்தை மடித்துத் தராசில் வைத்தாள், தொடாத பேன்ட்டையும் கொண்டுவந்து வைத்தாள். "வேலையை விட்டா திருப்பித் தரணும்னு எழுதியிருக்கு. எடுத்துக்குங்க."

தராசு அண்ணன் பின்னறைக்குப் போய்க் காலையில் போட்டுவந்த தன் சொந்தத் துணியில் திரும்பினார். அவருடைய நீலமும் தராசில் ஏறியது. பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள், வந்தார்கள். பத்து செட்டும் குவிந்தபோது முள் எழுபத்தெட்டு கிலோவில் நின்றது. முதலாளி வெள்ளிக்கிழமைதோறும் அதே தராசில் ஏறிப் பார்ப்பவர் என்பதால் அது யாருடைய எடை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார், நிமிர்ந்து பத்துப் பேரையும் பார்த்தார். இரும வாயைத் திறந்தார், வரவில்லை.

"எங்க சார் அனுப்பணும்?" என்று கேட்டாள் கதம்பம்.

அவர் தன் வீட்டு முகவரியைச் சொன்னார். அவள் எழுதி ஒட்டினாள். மூட்டையை நான்கு பேர் தூக்கிப் போனார்கள், அவர் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கி, சாப்பாட்டு மேசையில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் வைத்தார். மறுநாள், யார் வேலையும் போகாமல், அலுவலகம் ஒன்பது மணிக்குத் திறந்தது. பத்துப் பேரும் பத்து விதமாக வந்திருந்தார்கள், கதம்பம் அன்று சிவப்பு.