சமாதானப் பயிற்சியில் ஓரகத்திகள்

சின்னவள் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி, தையல் வகுப்பு என்று சொல்லி முன்பே கிளம்பியிருந்தாள். இருவரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: சமூகக் குடியிருப்புச் சங்கத்தின் பயிற்சி அறை. குடித்தனங்களைக் கவனிக்கும் நிர்வாகி வேலை ஒன்று காலி; பயிற்சிக்கு வருபவர்களில் ஒருவருக்குத்தான் அது. வேலையோடு கீழ்த்தளத்தில் தனி வீடு.

வாசலில் கண்ணும் கண்ணும் மோதின. பல்வலியும் தையலும் அங்கேயே உயிரை விட்டன. பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் வரிசைக்குப் போனாள், சின்னவள் கடைசிக்கு. தெரிந்தவர்களாகக் காட்டிக்கொள்ள வழியில்லை. சங்கத்தின் மாடி வீடு பெரியவளின் கணவன் பெயரில் இருந்தது. தங்கிப் போக வந்த சின்னவள் குடும்பம் போகவே இல்லை. சங்கத்துக்குத் தெரிந்தால் எல்லோருமே தெருவில்.

சின்னவளுக்கு வேண்டியது ஓர் அடுப்படி. பாத்திரத்தைத் தொட்டால் பேச்சு, தொடாவிட்டால் ஏச்சு என்று இல்லாத அடுப்படி.

பயிற்சியாளர் மைக்கைத் தட்டினார். இந்தச் சின்ன அறைக்கு மைக் எதற்கு என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

"முதல்ல 'வாடகைதாரர்'ங்கிற வார்த்தையை மனசுல இருந்து அழிச்சிடுங்க. அவங்க நம்ம இல்லப் பங்காளிகள்."

"பங்காளின்னாலே வெட்டுக்குத்துதானே சார்," என்றார் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு முன்னாள் பஸ் கண்டக்டர்.

சார் சிரிக்கவில்லை. சிரிப்பது எப்படி என்பது பிற்பகல் வகுப்பில் இருந்தது.

"பக்கத்து வீட்டுச் சண்டையை எப்படித் தீர்க்கிறதுன்னு இப்ப செஞ்சு காட்டறேன். சண்டை போட ரெண்டு பேர் வேணும். முன்பின் தெரியாதவங்களா இருந்தா நல்லது." அவர் விரல் முதல் வரிசையில் ஒருத்தியையும் கடைசி வரிசையில் ஒருத்தியையும் காட்டியது. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் தனக்கு ஒரு தனிப் பார்வை உண்டு என்று அவர் நம்பியிருந்தார்.

பெரியவள் மேல் வீட்டுக்காரி, சின்னவள் கீழ் வீட்டுக்காரி. ஈரத்துணி சொட்டுவதுதான் வழக்கு.

"உங்க துணித் தண்ணி எங்க ஜன்னல்ல விழுதுங்க," என்று சின்னவள் மரியாதையாகவே ஆரம்பித்தாள்.

"துவைக்கிறவங்க துணிதான் சொட்டும். சில பேர் நனைச்சு எடுத்தாலே துவைச்சதா நினைச்சுக்கிறாங்க."

"சோப்பை ஒளிச்சு வெச்சா எதை வெச்சுத் துவைக்கிறது?"

"அதாவது," என்று பயிற்சியாளர் நடுவே புகுந்தார், "வளங்கள் உங்களுக்குச் சமமா வந்து சேரலைன்னு உணர்றீங்க."

"ஒளிக்காம? உன் புருஷன் குளிக்கப் போனா முழு சோப்பு சில்லாத் திரும்பி வருது!"

"சோப்பு சம்பந்தமா உங்களுக்குள்ள ஒரு காயம் இருக்கு."

"உங்காளு குறட்டையில என் புள்ளைங்க தூங்கியே வருஷக் கணக்காச்சு. அதைப் பேசுங்க!"

பின்னால் உட்கார்ந்திருந்த மேலாளர் அம்மா நிமிர்ந்தாள். வேலை யாருக்கு என்று முடிவு செய்பவள் அவள்தான். "மேல் வீட்டு சோப்புல கீழ் வீட்டுக்காரர் எப்படிக் குளிச்சார்?"

"மேடம், கலைச்சிடாதீங்க!" பயிற்சியாளர் பதறினார். "பாத்திரமாவே மாறிட்டாங்க. இதான் என் முறையோட வெற்றி."

"ஏம்மா, உங்களுக்குள்ள முன்னாடியே பழக்கமா?"

"இந்த மூஞ்சியை இன்னைக்குத்தான் மேடம் பார்க்கிறேன்," என்றாள் பெரியவள். அதைச் சொன்ன சுகம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"சரி," என்றாள் மேலாளர் அம்மா. "சண்டை யார் வேணும்னாலும் போடுவாங்க. சமாதானம் ஆகத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இந்த வேலை."

கையைப் பிடித்துக்கொண்டு 'உங்க வலி எனக்குப் புரியுது' என்று சொல்ல வேண்டும். அதுதான் முறையின் சிகரம். பெரியவள் கண் கலங்கச் சொன்னாள். சொல்லும்போதே நகத்தைச் சின்னவள் உள்ளங்கையில் ஆழ இறக்கினாள்.

இனி சின்னவள் முறை. ஒரே வாக்கியம், சொன்னால் தனி வீடு. வாயைத் திறந்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களெல்லாம் அந்த வாக்கியத்துக்கு முன்னால் வரிசை கட்டி நின்றன.

"ரொம்ப நடிக்காதீங்க," என்றாள்.

வேலை பெரியவளுக்குப் போனது.

"ஆனா ஒருத்தருக்கு ஒரு வீடுதான்," என்றாள் மேலாளர் அம்மா. "மாடி வீட்டை ஒப்படைச்சாத்தான் கீழ் வீட்டுச் சாவி. அது ஒரே ரூம். பரவாயில்லையா?"

"நானும் அவரும்தானே மேடம். தாராளம்."

சின்னவளுக்கு வேலை கிடைத்திருந்தால் ஆளுக்கொரு வீடு ஆகியிருக்கும். இது இருவருக்குமே தெரியும். அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

பஸ் நிறுத்தத்தில் பெரியவள் முதல் உத்தரவைப் போட்டாள். "சாமானைக் கட்டிக்கடி. வீட்டை ஒப்படைக்கணும்."

"கட்டிடலாம்க்கா. கீழ எங்க படுக்கையை எந்தப் பக்கம் போடறது?"

"நீங்க எதுக்குடி அங்க? அது ஒரே ரூம்!"

"அப்ப இத்தனை வருஷம் நாங்க எங்க இருந்தோம்னு மேடம்கிட்ட சொல்லிட்டு வரேன். உன் வேலை நிக்குதா பார்ப்போம்."

"நீயெல்லாம் உருப்படுவியாடி?"

"உன்கூட இருந்து எப்படிக்கா உருப்பட முடியும்?"

பஸ் வந்தது. பெரியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் பையை வைத்தாள். சின்னவள் அதைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டு, நெருக்கியடித்து உட்கார்ந்தாள்.