மூஞ்சி அழிக்காத ஸ்கேன்

மதினி, டைப் பண்ண நேரமில்ல. வாயாலதான் சொல்றேன், தப்பா விழுந்தா அனுசரிச்சுப் படிங்க.

சுடலைமுத்து அண்ணன் இங்க ஓசூர்ல வெல்டிங் பாத்தப்ப, பெங்களூரு கூட்டிட்டுப் போய் தலைய ஸ்கேன் எடுத்தாங்கல்ல? பொகையில வெல்டருக்குக் கை நடுக்கம் வருதான்னு ஆராய்ச்சி. அவங்க அத மட்டும் பாத்துட்டு, பேரெல்லாம் எடுத்துட்டு, யார் வேணா ஆராய்ச்சி பண்ணுங்கன்னு நெட்டுல போட்டுட்டாங்க. இப்ப வேற யாரோ அதே படங்கள்ல கட்டி தேடுறாங்க. கட்டி மாதிரி தெரிஞ்சா சுத்திக் கோடு போட்டுக் குடுக்குற வேலை எங்க ஆபீசுக்கு வந்திருக்கு.

இன்னைக்கு ஒண்ணு தொறந்தேன். தலை ஸ்கேன்ல மூஞ்சி உருவமும் விழும், ஆளு தெரியக் கூடாதுன்னு அத அழிச்சுட்டுத்தான் போடணும், இதுல அப்படியே இருக்கு. வளைஞ்ச மூக்கு. கிழிஞ்ச காது. உள்ள மூளை ஓரத்துல வெள்ளையா ஒரு உருண்டை, மொச்சக்கொட்டை அளவு.

அண்ணனுக்கும் இதே மூக்கு, இதே மாதிரி கிழிஞ்ச காது. அப்புறம் பாத்தா, கிழிஞ்சது படத்துல இடது பக்கம். அண்ணனுக்கு வலது காது. "அப்பாடா, இடதுதான்"னு வாய்விட்டுச் சொல்லிட்டுத் தண்ணி குடிச்சேன். பக்கத்து சீட்டு மெஹக் எட்டிப் பாத்து, "ஏண்டி அருணா, ஆளு நம்மளப் பாத்து உக்காந்த மாதிரிதான படம் வரும்? நமக்கு இடதுன்னா அவனுக்கு வலது. இதுக்குத்தான போன வாரம் திட்டு வாங்குன, பத்தலையா?"ன்னு சிரிச்சா.

"இது எங்க அண்ணன்டி"ன்னேன். சிரிப்பு நின்னு போச்சு.

டீம் லீடர் ஹரீஷ்குமார் சார்கிட்ட ஓடுனேன். "மூஞ்சி தெரியுதா? மூடும்மா மொதல்ல. ரிப்போர்ட் போட்டா ஃபைலையே எடுத்துருவாங்க"ன்னார்.

"சார், உள்ள கட்டி இருக்கே. அந்த ஆளுகிட்ட யாரு சொல்லுவா?"

"யாருன்னு தெரியக் கூடாதுன்னுதானம்மா பேர எடுத்திருக்கு. தேடுனேன்னு தெரிஞ்சா உனக்கு வேலை போயிரும்." என்னையே பாத்தார். "நான் ஒண்ணும் கேக்கல. வெளிய போய் யார்கிட்டப் பேசணுமோ பேசிட்டு வா."

படிக்கட்டுல நின்னு அண்ணனுக்குப் போன் அடிச்சுக்கிட்டே இருக்கேன், எடுக்கல. சாப்பிடுறப்ப கை தானா வெட்டி வெட்டி இழுக்குது, கேட்டா வெயிலுன்னு சொல்றான்னீங்களே மதினி, அது வெயிலு இல்லன்னு தோணுது. நான் டாக்டர் இல்ல, என்னன்னு சொல்லத் தெரியல. ஆனா படம் பழசு. இப்ப எவ்ளோ பெருசா இருக்கோ.

கிருஷ்ணகிரி போய் பஸ் பிடிச்சு வாறேன், திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். அதெல்லாம் அப்புறம். இன்னைக்கு மண்டபத்துக்குத் தகரக் கூரை போடப் போயிருக்கான்லா? யாரையாவது அனுப்பி மொதல்ல அவன கீழ எறங்கச் சொல்லுங்க. மேல நிக்கையில கை வெட்டுச்சுன்னா... மதினி, ஓடுங்க.